தடைக்காலத்தில் ஒரு படகுப் பயணம்

போன வாரம் எங்கள் கல்லூரிக்கு ஆடிட் வந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாமே... கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்க வேண்டும், அது போதும்.

நண்டுகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சி. அரசாங்கப் பணம். தலைமை நான். கூட வேலை செய்வது ஷாஹிதா – என்னிடம் பிஎச்.டி. படிக்கிற பெண். யார், எத்தனை நாள், என்ன வேலை பார்த்தார்கள் என்று மாதாமாதம் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

மாதாமாதம் யார் எழுதுகிறார்கள்? வருஷம் முழுவதற்கும் ஒரே மூச்சில் நானே நிரப்பி, ஷாஹிதாவிடம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். கைடு நீட்டினால் எந்த மாணவி படித்துப் பார்ப்பாள்?

வந்த அதிகாரி அதிகம் பேசாத மனிதர். மே மாதத் தாளில் விரலை வைத்தார்.

"ஷாஹிதா, விசைப்படகுல போய் நண்டு சேகரிச்சது பன்னெண்டு நாள்... சார், நான் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்காரன். மே மாசம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு பூரா கரையில கெடக்கும். இவுங்க எதுல போனாங்க?"

எழுதும்போது தடைக்காலம் எனக்கு ஞாபகமே வரவில்லை. கடல் ஆராய்ச்சி பண்ணுகிற லட்சணம் இது!

"பொய்ப் பதிவுன்னா இவுங்க உதவித்தொகைய நிறுத்தணும் சார். கையெழுத்து இவுங்களுதாச்சே."

ஷாஹிதாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் வீட்டு வாடகையே அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது.

"அந்தப் பன்னெண்டு நாளும் எங்கம்மா இருந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்... அந்த நிலைமையிலும். நானே வாயைத் திறந்தேன்.

"டிபார்ட்மென்ட்லதான் இருந்தா சார். எனக்குப் போட்ட பரீட்சை டூட்டியெல்லாம் அவளைப் பாக்க வெச்சேன். இந்தத் தாளை எழுதினதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

கொடுத்தேன். அவளுடைய அந்தப் பன்னிரண்டு நாள் உதவித்தொகையை, இந்த ஆராய்ச்சிக்கு எனக்கு வருகிற மதிப்பூதியத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஷாஹிதாவின் உதவித்தொகை தப்பித்தது. அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது – அதிகாரி மேல் இல்லை, என் மேல்தான்.

அவர் அடுத்த தாளை எடுத்தார். "இது உங்களுது சார். வருஷம் பூரா பாதி நேரம் ஆராய்ச்சின்னு போட்டிருக்கீங்க. அப்படியே இருக்கட்டுமா, திருத்தறீங்களா?"

பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தேன்... உண்மையாகவே அந்த ஆராய்ச்சிக்காக நான் உட்கார்ந்தது, அந்தப் பொய்களை எழுதிய ஒரு சாயங்காலம்தான்.