இரண்டு நிமிடம் கேட்டான்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். ஏழுமலை வேலையில் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் தனியாக வந்து சொன்னான்: "சார், பதினாறு வயசுல ஒருத்தன அடிச்சிட்டு சீர்திருத்தப் பள்ளில இருந்தேன். கோவம் வந்தா அந்த எடத்த வுட்டு நவுந்து, கைய கழுவிட்டு வான்னு அங்க கவுன்சிலிங் அக்கா கத்துக் குடுத்தாங்க. எட்டு வருசமா யார் மேலயும் கை வெக்கல. ரெண்டு நிமிசம் மட்டும் வுடுங்க சார்."

விட்டேன். மாதத்தில் ஓரிரு முறை போவான், ஈரக் கையோடு திரும்புவான்.

அன்று டார்கெட்டில் பாதிகூட முடியவில்லை. பக்கத்தில் நின்ற குமார், ஏழுமலையின் அம்மாவை இழுத்து அசிங்கமாகத் திட்டினான். ஏழுமலை கையுறையைக் கழற்றிக்கொண்டே குழாய்ப் பக்கம் வந்தான். நான் குறுக்கே நின்றேன்.

"லைன் நின்னுடும். போய் வேலையப் பாரு."

"ரெண்டு நிமிசம் சார்."

"இன்னா, தண்ணில கைய வெச்சா கோவம் பூடுமா?" என்று சிரித்தேன். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவன் திரும்பிப் போனான். அடுத்த நிமிடம் குமாரின் முகத்தில் இரும்புக் கம்பி இறங்கியது. ஒரு கண் போய்விட்டது.

போலீஸ் ஜீப்பில் ஏறும்போது ஏழுமலை ஒன்றுதான் சொன்னான்: "அந்த அக்காவாண்ட சொல்லிடாதீங்க சார்."

பழைய புத்தி போகவில்லை என்று கம்பெனியில் அறிக்கை எழுதினார்கள். எட்டு வருடமாக அது போயிருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டேன். வழியை மறித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.