வியாழக்கிழமைப் பாய்கள்

போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில், கிறிஸ்தவர்கள் ஏன் கூடிவருகிறோம் என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐக்கியம், ஆறுதல், ஒருவரையொருவர் தாங்குவது என்று எல்லோரும் சொல்வதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவே இல்லை.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில். என் இளவயதில் திருவிதாங்கூரில் எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். அதுவரை எங்கள் சபையில் தமிழில் பாடுவோம், மலையாளத்தில் ஜெபிப்போம். அது இரண்டு மொழி என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. பிறகு ஆராதனையே இரண்டாகிவிட்டது. ஏழு மணிக்குத் தமிழ், ஒன்பதரைக்கு மலையாளம். ஆலயமும் மணியும் சபையை நடத்திய உபதேசியாரும் மட்டும் ஒன்று.

என் அம்மை வடக்கே, மலையாளம் பேசும் காட்டாக்கடைப் பக்கத்தில் பிறந்தவள். அப்பா, தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் தமிழர் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டவர். அம்மை இரண்டு ஆராதனைக்கும் போவாள். நடுவில் உள்ள நேரத்தில் ஆலயத்துக்கு வெளியே புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

"அவளுக்குப் பாவம் கூடுதலாக்கும். ஒரு ஆராதனையில தீராது" என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் கேலி செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது. அம்மையும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் அம்மைக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது படுத்துவிட்டால், வியாழக்கிழமை சாயங்காலம் சபையார் அந்த வீட்டுக்கு வந்து நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து பாடி ஜெபிப்பார்கள். அழைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வீட்டைச் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். அம்மை முப்பது வருடமாக அப்படி எத்தனையோ வீடுகளில் போய்ப் பாடியவள். சாவதற்கு முன் தன்னைச் சுற்றி ஒரு தடவை அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

உபதேசியார் இரண்டு ஆராதனையிலும் எங்கள் வீட்டைச் சொன்னார். முதல் வியாழக்கிழமை நான் வீடு மெழுகி, நான்கு பாய் விரித்து, ஒரு பானை கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்தேன். விளக்கு வைக்கும் நேரமும் ஆனது. ஒருவரும் வரவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவள் வடக்கத்திக்காரி, மலையாள ஆராதனைக்காரர்கள் போவார்கள் என்று தமிழ்க்காரர்கள் இருந்துவிட்டார்கள். புருஷன் கையெழுத்துப் போட்டவன், தமிழ்க்காரர்கள் போவார்கள் என்று மலையாளக்காரர்கள் இருந்துவிட்டார்கள். உபதேசியாராவது வந்திருக்கலாம். எந்த மொழியில் ஜெபித்தால் யார் கோபிப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

அடுத்த வியாழனும் அதே கதை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "நான் போய் நாலு பேரைக் கூப்பிட்டுட்டு வாறேன்."

அம்மை அவரைத் தடுத்தாள். "வேண்டாம். கூப்பிட்டு வந்தா அது விருந்தாக்கும். எனக்கு விருந்து வேண்டாம்."

மூன்றாவது வியாழன் காலையில் என்னை அழைத்து, "காப்பி போடண்டாம் மக்கா, வீணாப் போவுது. பாய் மட்டும் விரி" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரே ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, இந்து. அம்மைக்குத் தினமும் கஞ்சி கொண்டுவருகிறவள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உங்க பாட்டு தெரியாது. நீ பாடு மக்கா, நான் கூட இருக்கேன்" என்றாள் என்னிடம்.

அம்மை என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் கற்ற பாட்டெல்லாம் இரண்டு மொழியிலும் எனக்கு மனப்பாடம். ஆனால் மூன்று வாரக் கோபம் என்னை விடவில்லை. "பாட வேண்டியவிய வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டப் போனேன். அம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மை போய்விட்டாள். ஆலய மணி சாவுக்கு அடித்ததும் எல்லோரும் வந்தார்கள். ஏழு மணிக்காரர்கள், ஒன்பதரை மணிக்காரர்கள், உபதேசியார், எல்லோரும்தான். குழி வெட்டினார்கள், பெட்டி சுமந்தார்கள். பெட்டியை இறக்கும்போது எந்த மொழிப் பாட்டு என்று கல்லறைத் தோட்டத்தில் சண்டை தொடங்கியது. அப்பா இரண்டு பக்கமும் கும்பிட்டார். கடைசியில் உபதேசியார் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். பாட்டே வேண்டாம், மௌனமாக ஜெபிப்போம் என்றார். உடனே இரண்டு பக்கமும் சம்மதித்தது.

பெட்டி இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு எங்கள் சமாதானம் தெரியாது.

"என்ன, ஒண்ணும் பாடமாட்டியளா? அவ காத்துக் கெடந்தாளே" என்றாள்.

எல்லோரும் குனிந்து மண் அள்ளிப் போட்டார்கள். நானும் ஒரு பிடி போட்டேன். மற்றவர்களை ஏசி ஏசி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அந்த வியாழக்கிழமை அம்மை முகம் பார்த்துக் கேட்டது என்னிடம்தான், அவர்களிடம் அல்ல.

பிறகு எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. ஆராதனைகள் எப்போதோ மறுபடி ஒன்றாயின. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிறும் தவறாமல் நான் ஆலயத்துக்குப் போகிறேன். பிரசங்கம் பாதிதான் காதில் விழும். பெண்கள் பக்கத்தில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை வரை காத்திருப்பதில்லை, அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். படுக்கையில் இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பதற்குள் பாடத் தொடங்கிவிடுவேன்.