காணிக் கச்சேரியில் ஒரு கொண்டென்சர்

போன கிழமை ஒரு காணிக் கச்சேரியில், அரசாங்கம் நிலம் கொடுக்க ஆள் தெரிகிற நேர்முகத்தில், இரண்டு விரலால் ஒரு கொண்டென்சரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள் — ஒரு குடும்பத்தின் வயல் அந்த விரல்களில்தான் இருந்தது!

உருத்திரபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் சதாசிவம். தன் அண்ணனின் வயலில் கூலிக்கு நிற்கிறவர். புதுக் குடியேற்றத் திட்டத்தில் காணி கேட்டிருந்தார். ஒரே குறை... காது மந்தம்.

கச்சேரியில் அதிகாரி கேட்பதற்கு விண்ணப்பகாரர் தானே பதில் சொல்லவேண்டும். வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. முழித்துக்கொண்டு நின்றால்? அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்து ஓய்வுபெற்றவன் நான், எனக்குத் தெரியாததா?

அதனால் ரேடியோ வேலை என்ற என் பொழுதுபோக்கை அவர் காதில் மாட்டினேன். காது கேட்க ஒரு கருவி: மூன்று டிரான்சிஸ்டர், ஒரு மைக் — எல்லாம் சட்டைப் பையில் வைக்கிற ஒரு சிகரெட் தகரத்துக்குள். பற்றரிக்கு இடமில்லை. அதை வெளியே வைத்து, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கொண்டென்சரையும் அதன்மேலேயே கட்டினேன். வீட்டில் என் மேசையில் அருமையாக வேலை செய்தது. மேசையில் எதுதான் வேலை செய்யாது?

பற்றரி சட்டைப் பையை இழுக்கிறது என்று சதாசிவத்தின் மனைவி பொன்னம்மா நீள வயர் போட்டு, அதை அவர் இடுப்பில் கட்டிவிட்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். சதாசிவம் சுவிட்சைத் தட்டினார்.

"ஐயா, காதுக்குள்ள மோட்டர் வள்ளம் ஓடுது!"

விஷயம் இதுதான். டிரான்சிஸ்டர்கள் திடீரென்று மின்சாரம் இழுக்கும். நீள வயரால் அது உடனே வந்து சேராது. மின்னழுத்தம் விழும், எழும், மறுபடி விழும் — அதுதான் காதுக்குள் அந்தப் புடுபுடு. பக்கத்தில் கொண்டென்சர் இருந்தால் தன் சேமிப்பிலிருந்து அந்த நொடியைச் சமாளித்திருக்கும். இருந்ததுதான்... இடுப்பில்!

"எத்தனை பிள்ளையள்?" — அதிகாரி.

சதாசிவம் காதைப் பொத்திக்கொண்டார்.

"நாலு ஐயா!" — பின்னாலிருந்து பொன்னம்மா.

"நீர் கதைக்கக்கூடாது!"

நான் பாய்ந்து போய்க் கொண்டென்சரைப் பிடுங்கினேன். தகரத்தைத் திறந்து, அதன் இரண்டு காலையும் டிரான்சிஸ்டர்களுக்கு மின்சாரம் போகும் இடத்திலேயே வைத்து அழுத்தினேன். ஈயம் உருக்கி ஒட்ட நேரம் ஏது?

"இதார் இவர்?"

"நான் கதைக்கேல்லை ஐயா. பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

விண்ணப்பகாரருக்காகப் பேசக்கூடாது என்றுதான் விதி. பிடிக்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்துக் கிளாக்கரிடம் குரலைத் தாழ்த்தினார்: "இந்தாளுக்கு ஒண்டும் கேக்காது. பேரை வெட்டும்."

கிளாக்கர் பேனையை எடுத்தார்.

"வெட்டாதேங்கோ ஐயா," என்றார் சதாசிவம். "எனக்கு நாலு பிள்ளையள்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேற காணி இருக்கோ?"

"இருந்தா இஞ்ச ஏன் ஐயா வாறன்?"

பின்வரிசையில் சிரிப்பு. அதிகாரியும் சிரித்துவிட்டார். கிளாக்கரின் பேனை பெயருக்கு நேரே ஒரு 'சரி' போட்டது. அதற்குப் பிறகுதான் நான் விரலை எடுத்தேன்.

கையிருப்பு எவ்வளவு என்பதல்ல கேள்வி. தேவைப்படுகிறவனுக்கு எவ்வளவு கிட்ட என்பதுதான்.

கொழும்பில் அரிசி மூடை மூடையாக இருக்கிறதாமே, எங்கள் ஊர்க் கடைக்கு வராமல்!