உப்புப் பாத்தியில் ஒரு தடயம்

மரக்காணம் பஜாரில் சனோபர் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் "பொணம் அறுக்குற படிப்பு" என்பார்கள். அவள் அம்மா முபீனாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. மகள் சென்னையில் படிப்பது தடய அறிவியல், கடைசி வருஷம். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கே தலை சுற்றும். காலடித் தடம் என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம்.

ப்ராஜெக்டுக்கு உப்பளக் காலடித் தடம் என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அங்கே போய் எதைத் திருடுவார்கள், உப்பையா? விஜயகுமார் சார் மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை நல்ல அச்சு ஒண்ணு எடுத்துட்டு வாம்மா. இல்லன்னா எல்லாரையும் போல கைரேகை எடுத்துக்க" என்றார். சனோபருக்குக் கைரேகை வேண்டாம். இதுதான் வேண்டும்.

ஊருக்கு வந்து, ஞாயிறு காலையில் உப்பளத்துக்குப் போனாள். புதுப் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்த சூர்யகலா, ஓரத்து ஈர மண்ணில் ஒரு காலைப் பதித்துக் கொடுத்தாள்.

"என்னைப் புடிச்சி ஜெயில்ல போட்டுட மாட்டியே?"

"எதுனா திருடியிருந்தா இப்பவே சொல்லிடுக்கா."

தடத்தில் ஊற்ற பிளாஸ்டர் மாவைக் கரைக்க வேண்டும். சிட்டிகை உப்பு சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்பது வகுப்புப் பாடம். உப்பளத்து ஊர்க்காரி சிட்டிகையோடு நிற்பாளா? பக்கத்துப் பாத்தியில் காய்ந்துகொண்டிருந்த கெட்டி உப்புத்தண்ணீரையே மொண்டு கரைத்து ஊற்றினாள். வெயில் ஏறியது. மாவு இறுகவே இல்லை, கஞ்சி போலக் கிடந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. தடமும் போச்சு, டாபிக்கும் போச்சு என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் அவள் மண்டைக்குள் பொறி தட்டியது. கொஞ்சம் உப்பு வேகப்படுத்துகிறது. அளவுக்கு மீறினால் தடுக்கிறதோ? துள்ளி எழுந்தாள். சூர்யகலாவின் குடிதண்ணீரை வாங்கினாள், இன்னொரு கால் பதிக்கச் சொன்னாள். நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றியது கல்லாக இறுகியது. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, எல்லாம் அச்சில் அப்படியே இருந்தன. அதோடு விட்டாளா? நல்ல தண்ணீரும் பாத்தித் தண்ணீரும் விதவிதமாகக் கலந்து, கொண்டுவந்த டப்பா மூடிகளிலெல்லாம் மாவை ஊற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் இறுகியது. சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் முதலில் ஊற்றிய கஞ்சியும் ஒருவழியாகக் காய்ந்திருந்தது, உதிராமல் அதையும் பெயர்த்து எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சார் அந்த நல்ல அச்சைத் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தார். தொட்டால் உதிரும் முதல் அச்சைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஏன் இப்படி ஆச்சு?"

சனோபர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள், மூடிகளைப் பற்றியும் சொன்னாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"கடலோரத்துல தடம் எடுக்கறவன் எவனும் இந்தத் தப்பைப் பண்ணலாம். எவ்வளவு உப்பு வரைக்கும் தாங்கும்னு நீயே கண்டுபுடிச்சிச் சொல்லு" என்றார் சார்.

வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"டாபிக் குடுத்தாங்களா இல்லியாடி?" என்றாள் முபீனா.

"குடுத்துட்டாங்கம்மா. நான் பண்ண தப்பைத்தான் ப்ராஜெக்டா குடுத்திருக்காங்க."