அக்காளுக்காகப் பிடித்த கயிறு

முத்துக் குளிப்பவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையில் இதை யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. அடியில் மூச்சடக்கி இருப்பவனை மறந்து, படகில் நிற்பவன் ஊர்க்கதை பேசினால் தாலியறுப்பது யார்? கூடப் பிறந்தவள். அந்தப் பயத்தைவிட நல்ல காவல் கிடையாது. "மச்சான் தயவிருந்தா மலையேறிப் பிழைக்கலாம்னு சொல்லுதாங்க. நமக்குக் கடல்ல இறங்கவே மச்சான் தயவு வேணும்" என்று படகில் கேலி பேசுவார்கள்.

என் அக்காள் புருஷனுக்குக் கயிறு பிடித்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கடலடிப் பாறைகளில் முத்துச் சிப்பி தங்கவே இல்லை. பேர்தான் முத்துக்குளிக்காரர்கள், சங்கு எடுத்துத்தான் கஞ்சி குடித்தோம். மச்சான் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து இறங்குவார். தரை தட்டியதும் கல்லை மேலே தூக்கிவிடுவோம். வலைப்பை கட்டிய இன்னொரு கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருப்பார். அதன் மறுமுனை என் கையில். அவர் ஒருமுறை சுண்டினால் நான் இழுக்க வேண்டும். அதுவரை சும்மா நிற்க வேண்டும். நான் முன்கோபி, பொறுமை என்பதே கிடையாது. கயிற்றைப் பிடித்தால் மட்டும் அது எங்கிருந்தோ வந்துவிடும்.

யுத்தம் முடிந்த சமயம் அக்காள் காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் அடக்கம் செய்துவிட்டோம். பிள்ளை குட்டி இல்லை. மச்சான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எட்டு நாள் கழித்துக் கடலுக்கு வந்தார். வேறு ஆளை வைக்கட்டுமா என்று படகுக்காரர் கேட்டார். "அவனே பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் மனசுக்குள் எண்ணினேன். அவர் வழக்கமாகச் சுண்டும் எண்ணிக்கை வந்தது, தாண்டியும் போனது. கயிறு அசையவில்லை. பக்கத்தில் கயிறு பிடித்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுண்டாமல் இழுப்பது குளிப்பவனின் மூச்சைச் சந்தேகப்படுவது. எங்களில் அதைவிட அவமானம் இல்லை. மாதாவே என்று இழுத்துவிட்டேன்.

மச்சான் மேலே வந்தார். மூக்கில் ரத்தம். பையில் ஒரு சங்குகூட இல்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இளைத்தார். பிறகு கேட்டார்:

"யாருக்காகலே இழுத்தே?"

திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்காக என்று சொல்லியிருக்கலாம், உங்களுக்காக என்றும் சொல்லியிருக்கலாம். இவ்வளவும் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கல்லில் காலை வைத்தார்.

அன்றோடு கயிற்றைச் சுண்டுவதை அவர் விட்டுவிட்டார். தினமும் இறங்குவார், கிடைத்த சங்கைப் பொறுக்கிப் பையில் போடுவார், அப்புறம் அப்படியே இருப்பார். எப்போது இழுப்பது என்பது என் பாடு. வேண்டாம் மச்சான், என்னால் முடியவில்லை என்று கெஞ்சியும் பார்த்தேன். கேட்டுக்கொண்டே கல்லில் காலை வைப்பார். எனக்கே காய்ச்சல் வந்து, எழுந்திருக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்ன நாளிலும் கடலுக்குப் போனேன். நான் போகாவிட்டால் வேறொருவன் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது அசையட்டும் என்று காத்திருப்பான்.