குதிரைக்குட்டியின் வாலை முறுக்கினேன்

மைசூரில், மண்டி மொஹல்லாவில், மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவனிடம் குதிரை எப்படி வந்தது என்று கேட்காதவர்களே இல்லை. என் கடையில் கொள்ளு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் பெட்டைக் குதிரையை வைத்துக்கொள்ள ஆள் தேடினார். நஞ்சன்கூடு சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்களுக்கு வீடும் அரை ஏக்கர் நிலமும் இருக்கிறது என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். வந்த குதிரை சினையாக இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, சொந்த ஊரான ஹனூரில் மாடு கன்றோடு வளர்ந்த எனக்கும் பார்த்துத் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு விடிகாலையில் கொட்டகைக்குப் போனால், கறுப்பாக, கால் மட்டுமே உடம்பாக ஒரு பெட்டைக்குட்டி நின்றிருந்தது. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, நல்லவேளை தீவனக் கடை வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

குட்டிக்கு நான்கு மாதம் ஆனபோது வேலிக்கம்பியில் வலது பின்னங்காலைக் கிழித்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் ஒரு பெண், எதையும் இரண்டு முறை சொல்லாதவர். தையல் போட்டு மூன்று வாரம் அடைத்து வைக்கச் சொன்னார். பிறகு வந்து தையலைப் பிரித்தார். புண் ஆறியிருந்தது, ஆனால் உள்ளே தசைநார் இறுகிவிட்டிருந்தது. குளம்பின் நுனியை மட்டும் ஊன்றிக் குட்டி தத்தித் தத்தி நடந்தது. அவிழ்த்துவிட்டால் பாய்ந்து ஓடி நாரை அறுத்துக்கொள்ளும், அடைத்தே வைத்தால் கால் அப்படியே நின்றுவிடும் என்றார் மருத்துவர். காலையும் மாலையும் கையில் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பார். அதற்குள் குளம்பு முழுசாகத் தரையில் படாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டி.

நொண்டிக் குதிரைக்கு என்ன ஆகும் என்று நான் அவரைக் கேட்கவில்லை. சந்தைப் பக்கம் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறவற்றை நானும் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குட்டியை அதுவரை யாரும் கயிற்றில் பிடித்து நடத்தியதில்லை. தாயின் பின்னால் ஓடும், அவ்வளவுதான். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. எத்தனை காளைக்கன்றைப் பழக்கிய கை இது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். வாயில் இரும்பு இல்லாத வார்ப்பட்டை ஒன்று, ஹால்டர் என்பார்கள், வாங்கிவந்து முகத்தில் மாட்டினேன். தாயைப் புங்க மரத்தடியில் கட்டினேன். குட்டிக்கு முன்னால் நின்று, கயிற்றை முறுக்கிப் பிடித்து இழுத்தேன்.

கன்று என்றால் நாலு இழுப்பில் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துவிடும். குட்டி பின்னால் இழுத்தது. நான் முன்னால் இழுத்தேன். அது இன்னும் பின்னால் போய், நாய் மாதிரி உட்கார்ந்தே விட்டது. மூன்று நாள் இதே கூத்து. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நகராத கன்றுக்கு எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான். கயிற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் போய் வாலை முறுக்கினேன்.

மாடு பக்கவாட்டில் உதைக்கும், குதிரை நேர் பின்னால் உதைக்கும் என்பது கடையில் குதிரைக்காரர்கள் ஆயிரம் தடவை பேசி என் காதில் விழுந்ததுதான். தொடையில் விழுந்தபோதுதான் மண்டையில் ஏறியது. நான் மண்ணில் உருண்டு கிடந்தேன். குட்டியின் ஆறிய தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. தொடை வலியைவிட அதுதான் என்னைக் கொன்றது. காலைக் காப்பாற்றப் போன நானே காலைக் கெடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. மனைவி முதலில் குட்டிக்குத்தான் மருந்து போட்டாள்.

அவள் எலும்பு வார்டில் நர்ஸ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள். இரண்டு நாள் என்னால் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு அவள்தான் நடத்திப் போனாள். வலிக்கிற கால் பக்கமாக நின்று, முழங்கைக்கு அடியில் கை கொடுத்து, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவசரப்படுத்தவே மாட்டாள். நான் ஓர் அடி வைத்ததும் கை லேசாகிவிடும். இரண்டாம் நாள் நடந்துகொண்டே சொன்னாள்:

"ஏங்க, முன்னாடி நின்னு வா வான்னு இழுத்தா பேஷண்ட் பின்னாலதான் சாய்வாங்க. பக்கத்துல நிக்கணும். ஒரு அடி வெச்ச ஒடனே பிடியை ஸ்வல்ப விட்டுடணும். அப்போ அடுத்த அடியை அவங்களே வெப்பாங்க."

அது மனுசருக்கு என்று முறைத்தேன்.

"மாட்டுக்குச் செஞ்சது மட்டும் குதிரைக்கு ஆச்சா?" என்றாள்.

புண் மறுபடி மூடி, நடத்தலாம் என்று மருத்துவர் போனில் சொல்ல ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் காலை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் டூட்டிக்குப் போகும் சேலையிலேயே குட்டியின் தோளருகே போய் நின்றாள். கயிற்றை மெல்ல விறைப்பாக்கிவிட்டு வாசல் கேட்டைப் பார்த்தாள். குட்டி அசையவில்லை. அவளும் அசையவில்லை. நான் காபி குடித்து முடித்து, பேப்பரில் இரங்கல் செய்தி வரைக்கும் படித்துவிட்டேன். குட்டி முன்னங்காலை ஒரு சாண் நகர்த்தியது. அந்த நொடியே கயிறு தொய்ந்தது. மறுபடி விறைத்தது, மறுபடி காத்திருப்பு, இன்னொரு சாண். எட்டு மணிக்கு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது இருவரும் தாயை அரைச் சுற்று சுற்றியிருந்தார்கள். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

மாலையில் நொண்டிக்கொண்டே நான் போய் நின்றேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் குட்டி நின்றுவிடும். வேலை முடிந்து வந்த மனைவி, அதன் மூஞ்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சரி என்று சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையில் விளக்கு எரியத் தொடங்கும்வரை நின்றேன். என் தோளுக்குப் பக்கத்தில் சூடாக மூச்சு வந்தது. ஓர் அடி வைத்தேன். அதுவும் வைத்தது. கையில் கயிறு இருக்கிற உணர்வே இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெருமையாக நடந்த ஞாபகம் இல்லை.

அதன்பின் ஒருநாள் விடவில்லை. முதலில் தாயைச் சுற்றி, பிறகு கேட் வரை, பிறகு மண்பாதையில் பால் டிப்போ வரை. டிப்போ வாசலில் கேன் உருளும் சத்தத்துக்கு ஒருமுறை விலுக்கென்று நின்றது. பழைய புத்தியில் இழுக்கக் கை துறுதுறுத்தது, இழுக்கவில்லை. திரும்பி வரும்போது எங்கள் தடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு வருவேன். ஈரமண்ணில் மூன்று குளம்பு வட்டமாகப் பதிந்திருக்கும், நான்காவது பிறை மாதிரி நுனி மட்டும். பத்து நாள் அதே பிறை. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ பிறை கொஞ்சம் தடித்திருந்தது. மண் அதிக ஈரமோ என்று சந்தேகப்பட்டு, காய்ந்த இடத்திலும் நடத்திப் பார்த்தேன். தடித்துத்தான் இருந்தது. கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

சொன்னபடி மருத்துவர் வந்தார். நிலத்தை இரண்டு சுற்று நடத்தச் சொன்னார், கூடவே ஓடச் சொன்னார். என் தொடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். குட்டி என் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தது. அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "பிட்டுபிடி" என்றார். கன்னடத்தில் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

எனக்குக் கை வரவில்லை. இத்தனை நாள் பாய்ந்து ஓடக்கூடாது என்றே பிடித்திருந்த கயிறு அது. ஓடி, கண்ணெதிரே நார் அறுந்துவிட்டால் என்ன செய்வேன். மருத்துவர் இரண்டாம் முறை சொல்லவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள், என்னைப் பார்க்காமல். நான் கயிற்றின் கொக்கியை ஹால்டரிலிருந்து கழற்றினேன்.

குட்டிக்கு முதலில் புரியவில்லை, என் தோளருகிலேயே நின்றது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். தலையை ஒருமுறை உலுக்கியது. அடுத்து நான் பார்த்தபோது நிலத்தின் அந்தக் கோடியில் இருந்தது. வேலி ஓரமாக வளைந்து, மண்ணைக் கிளப்பிக்கொண்டு, தாயைத் தாண்டி, என்னையும் சட்டை செய்யாமல் தாண்டிப் போனது. வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணீர் விட்டு அழுதேன்.

"நாலு காலும் ஒரே சமமா ஊணுது பாரு, அம்மிணி" என்றேன் மனைவியிடம்.