நைனா யார்?

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் போதவே இல்லை. சித்தூரில் ஒரு பங்குக்கோயில் என் பொறுப்பு. அது போதாதென்று ஊருக்கு வெளியே இருக்கும் படைவீரர் பயிற்சி முகாமில் கத்தோலிக்கப் பையன்களுக்கு ஞாயிறு பூசை வைப்பதும், கேட்டால் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் என் தலையில் விழுந்திருந்தது. சண்டை வந்ததும் விடுப்பெல்லாம் ரத்து. பயிற்சி முடிந்த கையோடு வடக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. பத்துப் பேர் வந்துகொண்டிருந்த பூசைக்கு நாற்பது பேர் வந்தார்கள். இந்துப் பையன்களும் வரிசையில் வந்து நெற்றியைக் காட்டினார்கள், நானும் சிலுவை வரைந்துவிட்டேன். கரும்பலகையில் என் கைபேசி எண்ணை எழுதி, "எப்ப வேணா கூப்பிடுங்கப்பா" என்று பெரிய மனசாகச் சொல்லியும் வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் புதிதாக மொட்டையடித்த ஒருவர், சந்தனம் பூசிய தலையை என் தோளில் சாய்த்துத் தூங்கினார். எனக்கும் கண் சொக்கியது. கைபேசி அடித்தது. தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்பார்கள், வேறென்ன? துண்டித்தேன். மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாம் முறை எரிச்சலோடு சத்தத்தையே நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை முகாமின் சுபேதார் தன் கைபேசியிலிருந்து அழைத்து உடனே வரச் சொன்னார். வடக்கத்தி மனிதர், நேர்மையானவர், சிரிக்கவே மாட்டார். மேஜைமேல் ஒரு சீட்டு கிடந்தது. தனக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பையனும் எழுதித் தர வேண்டிய சீட்டு. ஆங்கில எழுத்தில் 'நைனா' என்ற பெயர், கீழே ஏதோ ஒரு எண், அதை நான் உற்றுப் பார்க்கவில்லை.

"மனைவியாம். கல்யாணமாகாதவர்களைத்தான் சேர்ப்போம், இவன் மறைத்துச் சேர்ந்திருக்கிறான். கேட்டதற்கு ஆமாம் என்றான், இப்போது இல்லை என்கிறான். அவளுக்கு மூன்று தடவை போன் போட்டும் எடுக்கவில்லை. உங்களிடம் உண்மையைச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்" என்று இந்தியில் சொன்னார்.

பையன் யாரென்று தெரிந்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது. குடிபாலாவிலிருந்து வந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. வளர்த்தது பெரியம்மா. இந்த வேலைக்காக மூன்று வருடம் விடியற்காலையில் ஓடிப் பழகியவன். வேலை ஆசையில் மறைத்திருப்பான் என்று நானும் நம்பிவிட்டேன். அதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கண் வீங்கியிருந்தது. நான் சலிப்போடு கேட்டேன்: "மறைக்காம சொல்லுப்பா. யாரு இந்த நைனா?"

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் என் காதுக்கே உறைத்தது. வடக்கே நைனா பெண்ணின் பெயர். இந்தப் பக்கத்தில் அப்பா. நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன்தான், ஆனால் இங்கே ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் காதில் விழுகிற சொல். சீட்டில் ஆங்கில எழுத்தில் பார்த்ததும் எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது.

"உங்க நைனாதான் தவறிட்டாரே?"

"எங்க நைனா இல்ல ஃபாதர். நீங்கதான்."

"என்னையா எழுதின?"

"உங்க பேரு எனக்குத் தெர்ல. ஃபாதர்னு எழுதினேன். அது பேரு இல்ல, பேர எழுதுன்னு கிளார்க்கு திட்டினாரு. அதான் நம்ம பேச்சுல நைனான்னு எழுதிட்டேன். சுபேதாரு இந்தில பீவியான்னு கேட்டாரு. பீவின்னா பொண்டாட்டின்னு எனக்கு அப்பத் தெர்ல. யெஸ் சார்னுட்டேன். இன்னா கேட்டாலும் யெஸ் சார்னுதான சொல்லிக்கினு கீறோம் இங்க."

"பெரியம்மாவ எழுதலையா?"

"அதுக்கு இதயம் வீக்கு ஃபாதர். போன்ல சொன்னா அங்கயே போய்டும். நீங்கன்னா நேர்ல போயி, பக்கத்துல குந்திக்கினு, மெதுவா சொல்வீங்க."

அவனை அழைத்துக்கொண்டு சுபேதாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பாமல் மேஜை போனை எடுத்து, சீட்டைப் பார்த்து எண்களை அழுத்தினார். என் அங்கிப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்து அவர்முன் வைத்தேன். திரையில் நான் பஸ்ஸில் துண்டித்த அதே எண். சுபேதார் முதல் தடவையாகச் சிரித்தார். பையனும் சிரித்தான். நான் திரையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவன் கல்யாணம் பற்றிய அழைப்பாகப் போயிற்று. அது வேறு அழைப்பாக இருந்திருந்தால்? நான் தோளில் ஒரு மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

சீட்டில் என் முழுப் பெயரை அவனையே எழுத வைத்தேன். இரண்டு வாரத்தில் அவனை வடக்கே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சண்டை நின்றது. அவன் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறான்.

களைப்பு எனக்குக் குறையவில்லை, வயது அப்படி. ஆனால் தெரியாத எண் எதையும் இப்போது துண்டிப்பதில்லை. பூசைக்கு நடுவே அதிர்ந்தால்கூடக் கை பைக்குப் போகிறது. எடுத்ததும் அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், கடன் வேண்டுமா சார் என்று கேட்கிறது. "வேண்டாம்மா, ரொம்ப நன்றிம்மா" என்கிறேன். இவ்வளவு நன்றி எதற்கென்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது.